ஒரு மயக்கமும் ஒரு கட்டைவிரலும்

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே முக்கால் மணி. கழக்கூட்டத்தில் என் மகள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். செல்போன் 'டிங்' என்றது. ஒரு வாய்ஸ் மெசேஜ். மூன்று விநாடிகூட இருக்காது.

"அக்கா, ஸாருக்கு மயக்கம்..."

அவ்வளவுதான். கேட்டேன். கையெல்லாம் கீரை. அதனால் சுண்டுவிரலால் தட்டி, அந்தக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் இருக்கிறதே, அதை அனுப்பினேன். 'சரி, ஆகட்டும்' என்று அர்த்தம். பிறகு? பிறகு என்ன... கீரையை உருவினேன். இருபது நிமிடம் உருவினேன். பழுத்த இலை தனியாக, காம்பு தனியாக, வெகு நிதானமாக.

ஒரு மனிதருக்கு மயக்கம் என்று செய்தி வந்த பிறகு ஒருத்தி உட்கார்ந்து கீரை உருவுவாளா? நீங்கள் கேட்பது நியாயம்தான். இரண்டு வாரமாக நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் சரியில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் நாலு மாதம் பின்னால் போக வேண்டும்.

மெசேஜில் வந்த அந்த 'ஸார்' என் அத்தான். காலமான என் அக்காவின் கணவர். எழுபத்தாறு வயது. திருநெல்வேலியிலிருந்து இளவயதில் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் குடை மொத்த வியாபாரம் செய்தவர். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் குடைக்கடை போட்டவருக்குப் பிழைக்கத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? இன்றைக்கும் அந்தத் தெருவில் 'குடைக்கடை அண்ணாச்சி' என்றால் வீட்டைக் காட்டுவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையைக் கைமாற்றிவிட்டார். கடைக்கு மேலே மாடி வீடு. அதே வருஷம் அக்கா போன பிறகு அங்கே அவர் மட்டும்தான்.

மகன் இருக்கிறான், மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்பான். போட்டேன் என்பார் இவர். அத்தோடு ஒரு வாரக் கடமை முடிந்தது. அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. காது கொஞ்சம் மந்தம். ரோஷம் மட்டும் நன்றாகவே கேட்கும்.

நானும் தனி ஆள்தான். கணவர் போய் ஆறு வருஷம். பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, வேலைக்குப் போகும் மகளோடு இருக்கலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தவள். "அப்படியானால் அத்தான் வீட்டிலேயே போய் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் செருமினார். அந்தச் செருமலுக்கு அகராதி வேண்டுமா? 'ஊரு என்ன சொல்லும்?' என்று அர்த்தம். அறுபத்து மூன்று வயதுக் கொழுந்தியாள் எழுபத்தாறு வயது அத்தான் வீட்டில் தங்கினால், இன்றைக்கும் அது செய்திதான். இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு முழங்கால், நாலும் தேய்ந்தவை... ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை.

ஆனாலும் அக்கா கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்லியிருந்தாள். "அவுகளுக்குப் பசி தாங்காதுட்டி. பாத்துக்கோ." வீடு, நகை, மகன் எதையும் சொல்லவில்லை. பசியை மட்டும் சொன்னாள். அது என் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

ஆகவே ஆள் தேடினேன். இப்போது இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. வயதானவர்களோடு பகல் முழுக்க உட்கார்ந்து பேச, பேப்பர் வாசித்துக் காட்ட, நடக்கக் கூட்டிப்போக ஆள் அனுப்புகிறார்கள். போன் செய்தேன். எதிர்முனைப் பெண் மலையாளத்தில் கேட்டாள்: "கூட்டினு ஆளு மதியோ?"

"கூட்டு மட்டும் போதாது. ரசமும் வைக்கணும்" என்றேன் நான்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மலையாளத்தில் கூட்டு என்றால் துணை. 'துணைக்கு மட்டும் ஆள் போதுமா, நர்ஸ் வேண்டாமா' என்றுதான் கேட்டிருக்கிறாள். நான் பாசிப்பருப்பைப் போட்டுத் தேங்காய் அரைக்கக் கிளம்பிவிட்டேன். எனக்கு மலையாளம் பாதிதான் தெரியும். தெரியாத பாதியால் ஒரு ஆபத்தும் இல்லை. தெரிந்த பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

கம்பெனி ஒரு விதிமுறைத் தாளும் அனுப்பியது. வருகிறவர் துணைக்கு மட்டுமே. மருந்து கொடுக்க மாட்டார், உணவு ஊட்ட மாட்டார். உடம்புக்கு ஏதாவது என்றால் வீட்டாருக்குத் தெரிவிப்பார். நான் கையெழுத்துப் போட்டேன். இதையெல்லாம் யார் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்?

வந்தவள் பெயர் ஓமனா. நாற்பத்தெட்டு வயது. வித்துராக்காரி. பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர் அது. விடியும் முன்னே பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, ஒன்பது மணிக்கு மாடிப்படி ஏறுவாள். நாலு மணிக்குத் திரும்புவாள். ஓமனா என்றால் மலையாளத்தில் 'செல்லம்' என்று அர்த்தம். கொழுந்தியாள் வந்து தங்கினால் கெட்டுப்போகிற பெயர், அத்தான் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்து "ஓமனே... ஓமனே" என்று கூப்பிட்டால் மட்டும் கெடாது. ஊர் நியாயமே தனி.

முதல் இரண்டு நாள் அத்தான் அவளோடு பேசவில்லை. "எனக்கென்ன கொள்ளை? நான் என்ன கைப்பிள்ளையா?" என்று என்னைத்தான் போனில் ஏசினார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மழை. ஓமனா குடையை உதறி மூலையில் வைத்திருக்கிறாள். ஒரு கம்பி ஒடிந்த குடை. அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. எழுந்து போய் இடுக்கியை எடுத்து வந்து, கம்பியைச் சரி செய்து, கையில் கொடுத்துச் சொன்னாராம் — ஒடிஞ்ச குடையோடு என் படியேறக் கூடாது என்று. அன்றிலிருந்து பேச்சு. அப்புறம் நிறுத்த ஆள் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓமனாவின் குரல் என் போனில் வந்தது. "சேச்சீ, ஸார் ஒண்ணு மயங்ஙி கேட்டோ."

மயங்கிவிட்டார்!

நான் செருப்பைப் போட்டேனா, வீட்டைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து திருச்செந்தூர் முருகனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். ஆரியசாலை மாடியில் ஏறிப் பார்த்தால்... அத்தான் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஓமனா பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறாள். நான் கத்திய கத்தலில் அத்தான் எழுந்துவிட்டார். மலையாளத்தில் மயங்குவது என்றால் லேசாகக் கண்ணயர்வதாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறோமே, அதுதானாம். ஸார் நன்றாகத் தூங்குகிறார் என்று தெரிந்தால் சேச்சி சந்தோஷப்படுவார் என்று அவள் அனுப்பியிருக்கிறாள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓமனா சிரிக்கவில்லை. முகம் செத்துப்போய் நின்றாள்.

தப்பு நம்முடையது என்று தெரிந்த மறு நிமிடம் நமக்கு அதிகாரம் பொங்கும், கவனித்திருக்கிறீர்களா? எனக்குப் பொங்கியது. "இனிமே எதுவானாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும். என்னைக் கேக்காம நீங்களா எதுவும் செய்யக் கூடாது" என்று ஓமனாவுக்கு உத்தரவு போட்டேன். அவள் தூங்குகிறவரை எழுப்பவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவள் செய்த ஒரே காரியம் எனக்குச் சொன்னதுதான். அதைப் பற்றியெல்லாம் உத்தரவு போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டரில் பேனாவால் எழுதினேன்: 'மயக்கம் = தூக்கம்.' அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்குக் குரல் வரும். "சேச்சீ, ஸார் மயங்ஙி." நான் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சொல் எனக்குத் தாலாட்டாகவே ஆகிவிட்டது. கட்டைவிரலை அனுப்பிவிட்டு நானும் படுத்துக்கொள்வேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். "ஸாருக்கு மயக்கம்" என்று கேட்டேன். காலண்டரைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தூங்குகிறார், தூங்கட்டும் என்று கட்டைவிரலை அனுப்பினேன்.

அந்த மூன்று விநாடியில் எனக்கு எத்தனை துப்பு இருந்தது தெரியுமா? மணி பதினொன்றே முக்கால். அவர் தூங்குவது இரண்டு மணிக்கு. மெசேஜ் பாதியில் அறுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஓமனா என்னை 'சேச்சி' என்று அழைக்கவில்லை. 'அக்கா' என்றாள். அது என் காதில் விழுந்தது. 'அட, ஓமனா தமிழ் பேசுகிறாளே' என்று சிரித்துக்கூடக் கொண்டேன். கூப்பிடுகிற சொல் தமிழாகிவிட்டதென்றால் அடுத்து வருகிற சொல்லும் தமிழாக இருக்குமே என்று இந்த மூளைக்கு எட்டவில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் சொல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எழுதுகிறவளாம் நான்.

பன்னிரண்டு ஐந்துக்கு போன் அடித்தது. ஓமனா.

"அக்கா, எவிடெ எத்தி?"

எங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். எனக்குப் புரியவில்லை. "எங்க எத்துறது? நான் வீட்லதான் இருக்கேன்" என்றேன்.

அவள் பதறிப்போய்ச் சொன்னாள்: "அக்கா விரல் காட்டியல்லோ... வருணுண்டென்னு ஞான் விசாரிச்சு."

விரல் காட்டினீர்களே, வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்...

அதற்கு மேல் அவள் சொன்னது அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. ஸார் கண் திறக்க மாட்டேன் என்கிறார், உடம்பெல்லாம் வேர்வை என்பது மட்டும் புரிந்தது. டவராவும் கீரையும் தரையில் கிடந்தன. நான் தெருவில் நின்றேன்.

கழக்கூட்டத்திலிருந்து ஆரியசாலை எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பைபாஸில் ஆட்டோ பறந்தது. ஈஞ்சக்கல் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி, அதன் முன்னால் ஒரு பஸ். ஓமனாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுக்காததற்கு எத்தனை காரணம் இருக்கலாம்? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நேர்ந்துகொள்ள ஒரு சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. அக்காவின் முகம் மட்டும்தான் வந்தது. 'பசி தாங்காதுட்டி' என்று சொன்ன முகம். அவளிடம் என்ன சொல்வேன்? உன் வீட்டுக்காரரை விட்டுவிட்டு முருங்கைக்கீரையைப் பார்த்துக்கொண்டேன் என்றா? டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாலைச் சந்தைக்குள் ஒரு குறுக்குவழியில் புகுந்தார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

படி ஏறினேன். ஏறினேன் என்பது தப்பு, கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தான் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. ஓமனா அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் தம்ளர். தரையெல்லாம் சீனி சிந்திக் கிடந்தது. அதற்கு நடுவில் அவள் போன் கிடந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் தமிழெல்லாம் போய்விட்டது. "சேச்சீ, ஞான் பஞ்சார வெள்ளம் கொடுத்து. சோதிக்காதெ கொடுத்து. வழக்கு பறயல்லே."

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டேன், உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், திட்டாதீர்கள். ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அப்படி என்ன உத்தரவு போட்டிருக்கிறேன் பாருங்கள்... நான் அவள் பக்கத்தில் சீனியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன்.

அத்தான் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஆரு, செம்பகமா? நீ எதுக்கு வந்த?" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வரவேற்பு அதுதான்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிட்டது என்றார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். விழுங்க முடிகிற நிலையில் இருந்தபோதே இனிப்பு உள்ளே போனதால் பிழைத்தார். "இன்னும் ஒரு கால் மணி நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

ஏன் சாப்பிடவில்லை? அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். இரண்டு தட்டு, இரண்டின் மேலும் மூடி. திறந்தால், இடியாப்பம் காய்ந்துபோய்க் கிடக்கிறது. இரண்டிலும் தொடப்படாமல்.

ஓமனா வித்துராவிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவள். அது எப்போதோ அத்தானுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. அதிலிருந்து தினமும் தெருவில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேருக்கு வாங்கி வைத்து, ஒன்பது மணிக்கு அவள் வந்ததும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கமாகியிருக்கிறது. என்னிடம் இரண்டு பேருமே சொன்னதில்லை. அன்றைக்கு நெடுமங்காட்டுப் பக்கம் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. ஓமனா வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. எட்டரைக்கே மாத்திரையைப் போட்டுவிட்டு, அத்தான் இரண்டு தட்டையும் மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அவ வர நேரமானா நீங்க சாப்பிட வேண்டியதுதானே அத்தான்?" என்று கேட்டேன். கேட்டதில் கோபம் இருந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒத்தைல இருந்து தின்னா எறங்க மாட்டேங்கு, செம்பகம். முந்தி எறங்கிச்சு. இப்ப எறங்க மாட்டேங்கு."

எனக்குத் துணையே வேண்டாம் என்று ஏசிய மனிதர். துணை இல்லாமல் மூன்று வருஷம் தனியாகத் தின்றவர். நாலே மாதத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. துணைக்கு ஆள் வைத்தால் ஆபத்து குறையும் என்று நினைத்தேன். ஆபத்து துணையின் வழியாகவே வரும் என்று எந்த விதிமுறைத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

ஓமனாவின் கதையைப் பிற்பாடு கேட்டேன். என்னிடம் அன்று வாங்கிய திட்டு அவளுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. சேச்சியைப் பயமுறுத்திவிட்டோமே, இனி அவசரம் என்றால் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். யாரிடம்? அத்தானோடு உட்கார்ந்து பார்க்கும் தமிழ் சீரியல்களிடம். அவற்றில் வாரத்துக்கு இரண்டு பேர் மயங்கி விழுகிறார்கள் அல்லவா? அந்த ஒரு சொல்லை அவள் பிழையே இல்லாமல் கற்றிருக்கிறாள். சீக்கிரம் வாருங்கள் என்று சொல்வதற்குள், சரிகிறவரைத் தாங்கப் போனதில் போனிலிருந்து விரல் எடுபட்டுவிட்டது. உடனே என் கட்டைவிரல் வந்துவிட்டது. கேட்டுவிட்டார், வருகிறார் என்று நம்பினாள். மருந்து, சாப்பாடு எதையும் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. என்னைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்பது என் விதி. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். இருபது நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் இரண்டு விதியையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சீனி டப்பாவைத் திறந்தாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் எனக்காகத் தமிழுக்கு வந்தாள். நான் அவளுக்காக மலையாளத்துக்குப் போனேன். களியக்காவிளை எல்லையில் எதிரும் புதிருமாகப் போகிற இரண்டு பஸ் மாதிரி, ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட்டோம்.

சொல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதுவல்ல. 'என்ன ஆச்சு ஓமனா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எந்த பாஷையில் கேட்டிருந்தாலும் போதும். துணைக்கு ஆள் வைத்துவிட்டோம் என்றதும் நாம் மெதுவாகக் கழன்றுகொள்கிறோம். மெல்போர்னில் இருக்கும் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்திலேயே இருக்கும் எனக்குக் கட்டைவிரல். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். என் உத்தரவை நானே ரத்து செய்தேன். முதலில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்றேன். சீனி டப்பா மேஜைக்கு வந்தது. பஸ் நேரமானாலும் எட்டரைக்கு அத்தான் சாப்பிட்டுவிட வேண்டும். ஒத்தையில் சாப்பாடு இறங்காதே? அதற்கு ஓமனா வழி சொன்னாள். பஸ்ஸிலிருந்தே போனில் கூப்பிட்டு, அவர் தட்டைக் கழுவுகிற வரை பேசிக்கொண்டிருப்பாளாம். இப்போது தினமும் வித்துரா பஸ் முழுவதுக்கும், அத்தானின் இடியாப்பம் வெந்ததா வேகவில்லையா என்பது தெரிகிறது.

அடுத்தது, ஆபத்து என்றால் சொல்ல ஒரு சொல். இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம் இருக்க வேண்டும். நான் 'சீரியஸ்' என்றேன். அதைக் கேட்டதும் செம்பகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவாள், அப்புறம் இவளுக்கு யார் கூட்டு என்று அத்தான் தள்ளிவிட்டார். ஓமனா இரண்டு மூன்று சொன்னாள், எதுவும் தேறவில்லை. கடைசியில் அத்தான்தான் சொன்னார், நாற்பது வருஷ வியாபாரத்தின் கம்பீரத்தோடு. "குடைன்னு வையி. நமக்குக் குடை, அவளுக்குக் குட. எங்க போனாலும் குடைன்னா குடைதான்."

எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 'குடை' என்று வந்தால் ஓட வேண்டும். கட்டைவிரல் கிடையாது.

நேற்று மத்தியானம் மூன்றரை மணி. போன் அடித்தது, ஓமனா. "அக்கா, குட..." அத்தோடு அறுந்துவிட்டது.

ஓடினேன். ஆட்டோவிலிருந்து கூப்பிட்டால் எடுக்கவில்லை. பைபாஸ், ஈஞ்சக்கல், அதே பஸ், அதே லாரி. கிழக்கேகோட்டைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட்டது. மீதியைத் தண்ணீருக்குள் நடந்தேன், இல்லை, ஓடினேன். தலையிலிருந்து கால் வரை நனைந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, மாடிக் கதவைத் தள்ளினேன்.

இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வருகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தேன். இங்கே வானம் கறுத்துவிட்டது, வரும்போது குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஓமனா வாய் திறந்திருக்கிறாள். முதல் சொல்லோடு போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது.

அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் புடவை நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். "குடைக்கடைக்காரன் வீட்டுக்கு நனைஞ்சுக்கிட்டா வாறது? ஊரு என்ன சொல்லும்?" என்றார்.

ஓமனா துண்டை எடுத்து வந்தாள். மழை ஊரில் இந்தச் சொல் சரிப்படாது, வேறு சொல் வைத்துக்கொள்ளலாமா என்று பயந்து பயந்து கேட்டாள். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன்.

நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம்.